சேவை வாரமும் நாற்பது வாளிகளும்

1

தான்சானியாவுக்கு நாங்கள் வந்து ஏழு வருஷம் முடிந்த அன்றைக்கு யாரும் கேக் வெட்டவில்லை. பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ‘சேவை வாரம். பொறுப்பாசிரியர்: திருமதி முனுசாமி.’

முனுசாமி என் அப்பா. கோவில்பதாகையில் பிறந்து, ஆவடியைத் தாண்டி எங்கும் வேலைக்குப் போகாத மனுஷர். என் பாஸ்போர்ட்டில் அவர் பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்துவிட்டது. இங்கே குடியேற்ற அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, “அப்படியானால் உங்கள் கணவர் மிஸ்டர் முனுசாமி, சரிதானே?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் எழுதியும் விட்டார். இல்லை ஐயா, அவர் பாஸ்கரன் என்று நிரூபிக்க நான்கு தடவை பஸ் ஏறினோம். நாலாவது தடவை, “இரண்டு பெயரும் இருந்துவிட்டுப் போகட்டுமே, இதற்குப் போய் ஏன் வருத்தப்படுகிறீர்கள்?” என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து என் கணவர் மாமனார் பெயரில்தான் வாழ்கிறார்.

இங்கே ஒரு பெண்ணை அவள் பிள்ளையின் பெயரோடு ‘மாமா’ சேர்த்துக் கூப்பிடுவதுதான் மரியாதை. சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. ஆக நான் மாமா நிலா. இதைக் கேட்டுவிட்டு என் தம்பி சேகர் ஆவடியிலிருந்து போனில் ஐந்து நிமிஷம் சிரித்தான். “அக்கா, உன்னிய மாமாவா ஆக்கிட்டானுங்களா? இத்த இங்க வந்து யாராண்டயும் சொல்லாத. மானம் போய்டும்.”

கொரட்டூர் சித்தியும் தவறாமல் விசாரிப்பாள். ஆப்பிரிக்கா என்றால் அவளுக்கு ஒரே ஊர். அந்த ஊரில் சிங்கமும் பசியும்தான் குடியிருக்கின்றன. “பாவம், அந்த ஜனங்களுக்கு எதனா செய்ங்கடி” என்பாள். அவள் தெரு முனையில் சாக்கடை அடைத்துக்கொண்டு ஒரு வருஷமாகிறது. அதற்கு ஏதாவது செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. பாவப்படுவதற்குக் கடல் தாண்டிய ஆள் கிடைத்தால் வசதி. எதிரில் வந்து நின்று எதுவும் கேட்கமாட்டார்கள்.

இங்கே தெற்கு மலைப்பகுதியில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு கிறிஸ்தவ உறைவிடப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. பாஸ்கர் முன்பு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். இங்கே மோட்டார், ஜெனரேட்டர், தண்ணீர்க் குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் விடுதியில் தங்க வேண்டும் என்று போன வருஷம் அடம்பிடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வியாழக்கிழமை மத்தியானமும் ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட மட்டும் வருவாள், விருந்தாளி மாதிரி.

2

எங்கள் பள்ளியில் மாணவர் செயல்பாடுகளுக்குக் குறைவில்லை. விவாத மன்றம், தோட்டக் குழு, நாடகம், வேதப் போட்டி, பாட்டுக் குழு. பாட்டுக் குழுவைப் பற்றி மட்டும் என்னால் இளக்காரமாக எதுவும் எழுத முடியாது. அந்தப் பிள்ளைகள் நான்கு குரலாகப் பிரிந்து பாட ஆரம்பித்தால், சாமி கும்பிடுவதில் ரொம்ப அக்கறை இல்லாத நான்கூட எழுந்து நின்றுவிடுவேன்.

மற்றதெல்லாம் அட்டை. ஒவ்வொரு மாணவனிடமும் ஒரு மஞ்சள் அட்டை உண்டு. எத்தனை மணி நேரம் சேவை செய்தான் என்று ஆசிரியர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கட்டம் நிறையாவிட்டால் வருஷக் கடைசியில் சான்றிதழ் கிடையாது. தலைநகரத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைகள், தங்கள் சாக்ஸைத் தாங்களே துவைத்தறியாதவர்கள், சனிக்கிழமை மத்தியானம் என் பின்னால் ஓடி வருவார்கள். “டீச்சர், ஒரு முதியவருக்கு விறகு தூக்கிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம். ஒரு மணி என்று போடுங்கள்.” அன்புக்கும் கருணைக்கும் வருகைப் பதிவேடு வைத்த முதல் ஸ்தாபனம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டே கையெழுத்தும் போடுவேன்.

இதன் உச்சம்தான் சேவை வாரம். வெளிநாட்டிலிருந்து நன்கொடையாளர்கள் வருவார்கள். ஒரே மாதிரி பனியன், பேனர். மலைச்சரிவில் இருக்கும் கிராமத்துத் தொடக்கப் பள்ளியின் சுவருக்கு நீல வண்ணம் அடிப்போம். நான் வந்ததிலிருந்து அந்த ஒரே சுவருக்கு ஐந்து தடவை அடித்தாயிற்று. போன வருஷம் சுவர் போதுமான அளவு அழுக்காக இல்லை என்று, ‘முன்பு, பின்பு’ என்று எடுக்கும் இரண்டு படங்களில் முதல் படத்துக்காக ஒரு வாத்தியார் ஈர மண்ணை எடுத்து அதன் மேல் பூசினார். என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பள்ளியின் கூரை ஓட்டை அப்படியே இருக்கிறது. கூரை மேல் ஏறி நின்றால் படத்தில் முகம் தெரியாதல்லவா?

எனக்கு இது புதுசு இல்லை. நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு மழைக்காலத்தில் எங்கள் கோவில்பதாகைத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள் ஒரு சங்கத்துக்காரர்கள் வேனில் வந்தார்கள். பெட்ஷீட் கொடுத்தார்கள். என் அம்மா ஒரு முனையைப் பிடிக்க, சஃபாரி சூட் போட்ட ஒருத்தர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். படம் எடுப்பவன், “அம்மா, கொஞ்சம் சிரிக்காம நில்லுங்க” என்றான். அப்புறம் வெளிச்சம் சரியில்லை என்று அதே பெட்ஷீட்டைத் திரும்ப வாங்கி மடித்து மறுபடியும் கொடுத்தார்கள். அம்மா வீட்டுக்குள் வந்து அதை மூலையில் எறிந்துவிட்டுச் சொன்னாள்: “கட்டில்லாம் மெதந்துகினு கீது. இவன் பெட்ஷீட்டு குடுக்கறான். எங்க விரிக்கிறதாம்?”

அந்த அம்மாவின் மகள்தான் இந்த வருஷம் சேவை வாரத்துக்குப் பொறுப்பு. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வேலை பர்மிட் புதுப்பிக்கும் ஃபைல், கையெழுத்துக்காகப் பிரின்சிபால் மேஜையில் இருந்தது. அவர் அந்த ஃபைல் மேல் கையை வைத்துக்கொண்டுதான் கேட்டார்: “இந்தியர்கள் கடுமையான உழைப்பாளிகள். செய்வீர்கள் அல்லவா?” செய்வேன் சார் என்றேன்.

3

என்ன கொடுப்பது என்று கமிட்டி கூடியது. மாணவர் செயலாளர் நிலா. அவளைப் பிள்ளைகள்தான் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், நான் காரணமில்லை. நோட்டு கொடுக்கலாம் என்றாள் ஒருத்தி. கொசுவலை என்றான் ஒருவன். பிரின்சிபால் கடைசியில் உள்ளே வந்து, வாளி என்று முடித்துவிட்டார். “சிவப்பு வாளி. பச்சை மலைக்கு முன்னால் நாற்பது சிவப்பு வாளிகள். படம் அழகாக இருக்கும்.”

கிராமத்துக்கு என்ன வேண்டும் என்று முதலில் போய்க் கேட்கலாமே என்றாள் நிலா.

“கேட்டால் அவர்கள் நிறையக் கேட்பார்கள்” என்றார் பிரின்சிபால். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

புதன்கிழமை காலை இரண்டு பஸ்ஸில் போய் இறங்கினோம். வறட்சிக் காலம். பாதை முழுக்கச் செம்மண் புழுதி. கிராமத்துப் பெண்கள் மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் பாடினார்கள், ஜெபம் நடந்தது, வாளி கொடுத்தோம். ஒவ்வொருத்தியும் இரண்டு கையாலும் வாங்கி, கேமராவைப் பார்த்து அரை நிமிஷம் நின்று, நகர்ந்தாள். எங்களைவிட அவர்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

கடைசியாக வந்தவள் மாமா நீமா. ஐம்பது வயதிருக்கும். எங்கள் பள்ளிக்கு மூட்டை மூட்டையாகச் சோளம் விற்பவள். அதனால் எனக்குக் கொஞ்சம் பழக்கம். அவள் வாளியை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். அதைத் தரையில் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“உட்கார நன்றாக இருக்கிறது” என்றாள்.

படம் எடுக்கிறவர் கேமராவைத் தாழ்த்தினார். நிலா அவள் முன்னால் குனிந்து, பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, “ஏன் அம்மா, பிடிக்கவில்லையா?” என்று சுவாஹிலியில் கேட்டாள். என் மகள் சுவாஹிலி பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்களுக்கு அவள் ஆவடிக்காரி என்று தெரியாது.

“பிடித்திருக்கிறது மகளே. வாளி எங்களிடம் கொடுத்துவிட்டீர்கள். தண்ணீர் உங்களிடம் இருக்கிறது. எதை ஊற்றி வைப்பது?”

நிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பேனரின் கயிற்றை அவிழ்க்கப் போனேன்.

மாமா நீமா எழுந்து நிலாவின் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள். இன்னும் இரண்டு பெண்பிள்ளைகளும் பின்னால் போனார்கள். என்ன பார்க்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சரிவின் மேலே பாறை இடுக்கில் ஒரு ஊற்று உண்டு. அந்தக் கிராமம் காலங்காலமாகக் குடித்த தண்ணீர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பள்ளி அதைச் சுற்றிச் சிமெண்டுத் தொட்டி கட்டி, குழாய் போட்டுத் தண்ணீரைத் தன் விடுதிக்குக் கொண்டுவந்தது. மழைக்காலத்தில் தொட்டி வழியும், ஊருக்கும் கிடைக்கும். வறட்சியில் வழியாது. ஊர்ப் பெண்கள் குழாயைப் பிடுங்கிவிடுகிறார்கள் என்று தொட்டிக்கு இரும்பு மூடி போட்டு, பூட்டும் போட்டார்கள். இப்போது அவர்கள் கீழே ஆற்றுக்கு ஒரு மணி நேரம் இறங்கி, ஒன்றரை மணி நேரம் ஏறுகிறார்கள்.

நிலா திரும்பி வந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள்.

4

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தாள். பாஸ்கர் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அந்த ஊத்து மூடில இருக்கிற கீல் நீங்க வெச்சதா?”

“எந்தக் கீலு?”

“என் டிரங்குப் பெட்டில ஒரு வளையம் வெச்சி வெல்டு பண்ணிக் கொடுத்தீங்கல்ல? அதே மாதிரி அங்கயும் இருக்கு.”

பாஸ்கர் கரண்டியைக் கீழே வைத்தார். “பிரின்சிபால் பண்ணச் சொன்னாரு, பண்ணேன்.”

“பூட்டு?”

“அதுவும் நான்தான். இன்னாம்மா பண்றது? ஹாஸ்டல்ல பசங்க குளிக்கணும், சமையல் நடக்கணும். நான் பூட்டலைன்னா வேற ஒருத்தன் பூட்டப் போறான்.”

“நாங்க குளிக்கறதுக்கு அவங்க நடக்கணுமா?”

அதற்கு மேல் தமிழ் அவளுக்குப் போதவில்லை. கோபம் வந்தால் சுவாஹிலிதான் வரும். சோறு கேட்க ஒரு மொழி, சண்டை போட ஒரு மொழி என்று பிரித்து வைத்திருக்கிறாள். என் பிள்ளை என்னைத் திட்டுவதே எனக்குப் பாதிதான் புரிகிறது. மீதிப் பாதிக்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“அம்மாவுக்கும் தெரியுமா?” என்றாள், கடைசியில் தமிழுக்கு வந்து.

பாஸ்கர் அந்தப் பூட்டைப் போட்டுவிட்டு வந்த சாயங்காலம் நான்தான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். எங்கே போனீர்கள் என்று கேட்டேன், சொன்னார். அப்படியா என்றேன். அவ்வளவுதான் என் எதிர்ப்பு.

“தெரியும்” என்றேன்.

அவள் சாப்பாட்டை முடிக்காமல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், நன்கொடையாளர்கள் முன்னால் செயலாளர் வாசிக்க வேண்டிய அறிக்கை. பொறுப்பாசிரியர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதில் இரண்டு வாக்கியம் இருந்தது: ‘நாங்கள் நாற்பது வாளிகள் கொடுத்தோம். அவற்றில் நிரப்ப வேண்டிய தண்ணீரை எங்கள் பள்ளி பூட்டி வைத்திருக்கிறது.’

சிவப்புப் பேனாவால் அந்த இரண்டு வாக்கியத்தையும் அடித்தேன். ஒரு கோடு போதாதென்று இரண்டு கோடு. விடுதிக்குப் போய்க் கொடுத்தபோது நிலா பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இது கிராமர் மிஸ்டேக்கா?”

“ஆமா” என்றேன். ஒரு ஆசிரியை சொல்லக்கூடிய பொய்களில் இதைவிடக் கேவலமானது உண்டா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை சேகர் போன் செய்தான். எல்லாவற்றையும் சொன்னேன். நியாயம் என் பக்கம் என்று சொல்லுவான் என்று நினைத்தேன். பர்மிட், நிலாவின் படிப்பு, ஊருக்குத் திரும்பினால் நாற்பத்தாறு வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள் என்றெல்லாம் விளக்கினேன்.

“அக்கா, நம்ம தெருவுக்கு வர்ற தண்ணி லாரிய அந்த ஃப்ளாட்டுக்காரன் மடக்கிக்கினு போனானே, அப்போ நீ இன்னா பண்ணே?”

“இன்னா பண்ணேன்?”

“ரெண்டு கொடத்த எடுத்தாந்து லாரி முன்னாடி குந்திக்கினே. டிரைவரு ஆரன் மேல ஆரன் அடிக்கிறான். நீ எய்ந்திருக்கவே இல்ல. நான் மெர்சலாயிட்டேன்.”

“அப்போ என் கையில பர்மிட் இல்லடா.”

“தோடா! இன்னா பெரிய பர்மிட்டு? அந்தக் கொயந்த கேக்கறதுல இன்னா தப்பு கீது, அத்த சொல்லு மொதல்ல.”

சமையல் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை ஜெப மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் நன்கொடையாளர்கள் ஆறு பேர். அவர்களுக்குப் பின்னால், படத்தில் விழும்படியாகக் கிராமத்திலிருந்து அழைத்துவந்த பத்துப் பெண்கள். மாமா நீமாவும் இருந்தாள். ஓரத்தில் சமையல்காரப் பெண்கள். என்னை நன்கொடையாளர் வரிசையின் கடைசியில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள். ஓய்வு பெற்ற நர்ஸ் என்று சொல்லிக் கை குலுக்கினார்.

நிலா மேடைக்கு வந்தாள். ஆங்கிலத்தில் அறிக்கையை வாசித்தாள், நான் திருத்தியபடி, ஒரு எழுத்து மாறாமல். நான் மூச்சு விட்டேன். பிரின்சிபால் தலையை ஆட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

“நம் கிராமத்து விருந்தினர்களுக்காக இதையே சுவாஹிலியில் சுருக்கமாகச் சொல்கிறேன்” என்றாள். பிரின்சிபால் புன்னகையோடு கையைக் காட்டினார். நல்ல யோசனை என்று நன்கொடையாளர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தாளை மடித்துவிட்டு, அந்தப் பத்துப் பெண்களைப் பார்த்துப் பேசினாள். ‘வாளி’ என்ற சொல் வந்தது. ‘தண்ணீர்’ என்ற சொல் வந்தது. பூட்டு என்ற சொல் வந்தபோது மண்டபம் அசைவதை நிறுத்திவிட்டது. பிரின்சிபாலின் புன்னகை முகத்தில் அப்படியே நின்றது, இறக்கி வைக்க இடம் தெரியாத மாதிரி. நிலா கடைசியாக ஒன்று சொன்னாள். அது எனக்கு முழுசாகவே புரிந்தது. “அந்தப் பூட்டைப் போட்டது என் அப்பா. அந்தத் தண்ணீரில்தான் நான் தினமும் குளிக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.”

ஓரத்தில் நின்ற சமையல்காரப் பெண்களில் ஒருத்தி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். மாணவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். மாமா நீமா கைதட்டவில்லை. எழுந்து நின்றாள், அவ்வளவுதான். முன்வரிசையில் ஐந்து நன்கொடையாளர்களும் எதுவும் புரியாமல், பரவசமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் வீடியோ எடுத்தார்.

நர்ஸ் அம்மாள் மட்டும் கைதட்டவில்லை. முகங்களைப் பார்த்துப் பழகியவர் போலிருக்கிறது. என் பக்கம் சாய்ந்து கேட்டார்: “அந்தப் பெண் என்ன சொன்னாள்?”

நன்றி சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். பிரின்சிபால் அங்கிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையிலேயே அந்தப் பதில் எழுதியிருந்தது. என் நாக்கு நுனியிலும் அதுதான் இருந்தது. மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த பாஸ்கரைத் திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்து, தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் அப்படிக் கூனி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அவள் என் மகள்” என்றேன். “கிராமத்தின் ஊற்றைப் பள்ளி பூட்டி வைத்திருக்கிறது என்று சொன்னாள். அது உண்மை. அறிக்கையில் எழுதியிருந்தாள், நான்தான் அடித்துவிட்டேன்.”

அந்த அம்மாள் குனிந்து தன் காலணியைப் பார்த்தார். பிறகு, “எவ்வளவு தூரம்? நடந்து போகலாமா?” என்று கேட்டார்.

6

அன்று மத்தியானம் விருந்துக்குப் போகாமல் அந்த அம்மாள் மலை ஏறினார். அறுபத்தெட்டு வயது. வேறு வழியில்லாமல் மற்ற ஐந்து பேரும், அவர்களுக்குப் பின்னால் பிரின்சிபாலும் ஏறினார்கள். அந்தப் பூட்டு பிள்ளைகள் தவறி விழாமல் இருக்கத்தான் என்று பாதி வழியில் பிரின்சிபால் விளக்கினார். ஊருக்குத் தனிக் குழாய் போடும் திட்டம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது என்று உச்சிக்குப் போனதும் சொன்னார். அப்படி ஒரு திட்டம் பிறந்ததே அந்தக் கடைசி இருநூறு அடி ஏற்றத்தில்தான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். “நல்லது, எந்தத் தேதியில் முடியும்?” என்று கேட்டு நர்ஸ் அம்மாள் டைரியில் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். இனி நான் கமிட்டியில் இல்லை என்றார்கள். நிலாவின் செயலாளர் பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ‘தலைமைப் பண்பு இன்னும் முதிர வேண்டும்’ என்று அவள் மஞ்சள் அட்டையில் எழுதினார்கள். எங்கள் பர்மிட்டுக்கு இரண்டு வருஷத்துக்குப் பதில் ஒரு வருஷத்துக்குத்தான் சிபாரிசு. “உங்கள் விசுவாசத்தைப் பார்த்து மேற்கொண்டு யோசிக்கலாம்” என்றார் பிரின்சிபால். விசுவாசம் என்று அவர் சொன்னது கடவுளிடமா, தன்னிடமா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் அவருக்கு ஒன்றுதான்.

குழாய் போடும் வேலையைப் பாஸ்கர் எடுத்துக்கொண்டார். ஊர்ப் பெண்கள் பள்ளம் தோண்டினார்கள். நிலா வகுப்பு முடிந்து போய் அப்பாவுக்குக் குழாய் பிடித்துக் கொடுத்தாள். இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் அவர்கள் சேர்ந்து சிரித்துக்கொண்டே வருவதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். என்ன விஷயம் என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல” என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

வேலை முடிந்ததும் திறப்பு விழா என்றார்கள். குழாய்க்குப் பின்னால் ஒரு பளிங்குக் கல். ‘பள்ளியின் சேவை வாரப் பரிசு’ என்று பெரிதாகப் பொறித்து, கீழே பிரின்சிபாலின் பெயர். அவர்களுடைய தண்ணீரை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அதைப் பரிசு என்று கல்லில் வெட்டும் துணிச்சலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் என் அம்மாவின் பெட்ஷீட்டை வாங்கித் திரும்பக் கொடுத்தவர்களும் கிட்டத்தட்ட இதே ஆட்கள்தான்.

இந்தக் குழாய்க்கும் ஒரு பெட்டி, ஒரு பூட்டு வேண்டும், பராமரிப்புக்காக என்று உத்தரவு வந்தது. பாஸ்கர் மறுபேச்சுப் பேசாமல் பெட்டி செய்தார், பூட்டும் போட்டார். “மறுபடியுமா?” என்றேன். “சொன்னாங்க, செஞ்சிட்டேன்” என்றார்.

விழா அன்று காலை நாற்பது பிள்ளைகள் பனியனில். பேனர். பாட்டு. நன்கொடையாளர்களுக்கு நேரடியாகக் காட்டுவதற்கு ஒரு லேப்டாப். பிரின்சிபால் இருபது நிமிஷம் பேசிவிட்டு, குழாயைத் திறக்கக் கையை நீட்டினார்.

“மிஸ்டர் முனுசாமி, சாவி?”

“என்னிடம் இல்லை சார்.”

“அலுவலகத்தில் இருக்கிறதா?”

“இல்லை சார். இரண்டு சாவி. இரண்டையும் மாமா நீமாவிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் குழாய், அவர்களிடம்தானே இருக்க வேண்டும்?”

மாமா நீமா எங்கே என்று கேட்டார்கள். சோளக் கொல்லையில் வேலையாக இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். கூப்பிட ஒருத்தர் ஓடினார். வெயில் ஏறியது. பிரின்சிபால் லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்தார், பூட்டைப் பார்த்தார், மறுபடியும் லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்தார். பாட்டுக் குழு அதே பாட்டை மூன்றாவது தடவை ஆரம்பித்தது. பாஸ்கர் கையைக் கட்டிக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து நிற்பவர் மாதிரி நிம்மதியாக நின்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து மாமா நீமா வந்தாள். அவசரப்படவில்லை. எங்கள் பனியன்களையும் பேனரையும் தாண்டி நேராகப் பெட்டியிடம் போனாள். மேல்துணியின் முனையில் முடிந்து வைத்திருந்த சாவியை அவிழ்த்தாள். திறந்தாள். தண்ணீர் வந்தது. கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற பிரின்சிபாலிடம், “கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், நனைந்துவிடுவீர்கள்” என்றாள்.

தள்ளி நின்றார். முதலில் கால்களைக் கழுவினாள். பிறகு முகத்தை. பிறகு இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாகக் குடித்தாள்.